கணிப்பொறிக்கு ஆடு புலி ஆட்டம் கற்பிப்போம்

மாணவ நண்பர்களே, ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். படிப்பதற்கு முன் ஒரு படம் வரைய வேண்டும்.

தாளின் மேல்பகுதியில் நடுவே ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து கீழ்நோக்கி விரிந்து செல்லும் நான்கு கோடுகள் வரையுங்கள். அவற்றின் அடிகளை ஒரு படுக்கைக் கோட்டால் இணையுங்கள். இப்போது கூடாரம் போன்ற ஒரு முக்கோணம் கிடைத்துவிட்டது. உச்சிக்கும் அடிக்கும் இடையே, நான்கு கோடுகளையும் வெட்டும்படி மூன்று படுக்கைக் கோடுகள் போடுங்கள். இம்மூன்றும் முக்கோணத்துக்கு வெளியே இருபுறமும் இரண்டு விரல் அளவு நீண்டிருக்கட்டும். நீண்ட நுனிகளை இடப்புறம் ஒரு நிமிர்ந்த கோட்டாலும், வலப்புறம் இன்னொரு நிமிர்ந்த கோட்டாலும் இணைத்துவிடுங்கள். கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணுங்கள். 23 வருகிறதா? வராவிட்டால் எங்கோ ஒரு கோடு விட்டுப் போயிருக்கிறது.

இது என்ன படம் என்று உங்களில் பலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். கோயில் மண்டபத் தரையிலும் திண்ணையிலும் நம் முன்னோர் செதுக்கி வைத்திருக்கும் ஆடு புலி ஆட்டத்தின் கட்டம்தான். திருப்பூரை அடுத்த வீரபாண்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒன்று இருந்தது. பின்னாளில் வீட்டின் முன்பாதியைப் பவர்டேபிளுக்கு வாடகைக்கு விட்டபோது, தையல் மெஷின்கள் ஆடாமல் நிற்கவேண்டும் என்று அதன்மேல் சிமெண்டுப் பூச்சு பூசிவிட்டார்கள்.

ஆட்டத்தின் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் சிறு மாறுதல்கள் உண்டு. நான் ஆடிய முறை இது. ஒருவரிடம் 3 புலிகள், மற்றவரிடம் 15 ஆடுகள். முதலில் புலிகள் உச்சியிலும் அதற்கு நேர் கீழேயுள்ள இரண்டு நடுப்புள்ளிகளிலும் நிற்கும். ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆடாகக் காலியான புள்ளியில் இறக்குவார். பதினைந்தும் இறங்கும்வரை ஆடுகள் நகரக்கூடாது, புலி நகரலாம். நகர்வு என்றால் கோட்டின் வழியே அடுத்த காலிப் புள்ளிக்குப் போவது. புலிக்கு மட்டும் இன்னொரு சலுகை உண்டு. பக்கத்தில் ஆடு இருந்து, அதே நேர்கோட்டில் ஆட்டுக்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால், தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டலாம். புலிகள் எல்லாம் நகர முடியாதபடி அடைபட்டால் ஆட்டுக்காரர் வென்றார். அடைக்கப் போதுமான ஆடுகள் மிஞ்சாவிட்டால் புலிக்காரர் வென்றார்.

இந்த ஆட்டத்தை ஒரு பழைய கணிப்பொறிக்குக் கற்பிப்பது எப்படி என்பதே இந்தப் பாடம்.

பழைய கணிப்பொறி என்று எதைச் சொல்கிறேன்? 1984-85 கல்வியாண்டில் நடுவணரசு, பள்ளிகளுக்குக் கணிப்பொறியை அறிமுகப்படுத்த 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டமாக நாடு முழுவதிலும் 250 பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அங்கே வைக்கப்பட்டது 'பிபிசி மைக்ரோ' என்னும் கணிப்பொறி. இங்கிலாந்தின் ஒலிபரப்புக் கழகம் மக்களுக்குக் கணிப்பொறிக் கல்வி தர விரும்பியபோது, கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனம் உருவாக்கி 1981-ன் இறுதியில் வெளியிட்ட வீட்டுக் கணிப்பொறி அது. பாலாடைக் கட்டி நிறத்தில் ஒரு பெட்டி. விசைப்பலகையும் மூளையும் ஒன்றாகவே இருக்கும். 6502 என்னும் நுண்செயலி, நொடிக்கு 20 இலட்சம் துடிப்பு. தற்காலிக நினைவகம் 32 கிலோபைட்டு, அதாவது 32,768 பைட்டு. இன்று நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதற்குள் அடங்காது.

நான் படித்த பள்ளிக்கும் எப்படியோ அப்படி ஒரு பெட்டி வந்து சேர்ந்திருந்தது. 1994-ல் நான் பத்தாம் வகுப்பு. அதற்குள் அது பழசாகி, ஆய்வகத்தின் மூலையில் துணிபோர்த்தி உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் தொட அனுமதி கிடைத்தது. செய்த வேலையை ஒலிநாடாவில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குள் மின்சாரம் போய்விட்டால் தீர்ந்தது. இத்தகைய நினைவகத்தில் ஒவ்வொரு செய்தித் துணுக்கும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம்தான். அது கசிந்துகொண்டே இருக்கும். சில மில்லிநொடிகளுக்கு ஒருமுறை மீண்டும் ஊட்டினால்தான் நிலைக்கும். மின்வெட்டுக்குப் பேர்போன அந்த நாட்களில் இந்த இயற்பியலை நான் புத்தகத்தில் படிக்காமலேயே மூன்று முறை கற்றுக்கொண்டேன்.

கணிப்பொறிக்குக் கண் இல்லை

முதல் சிக்கல் இதுதான். நீங்கள் வரைந்த படத்தைப் பார்த்தவுடன் எந்தப் புள்ளிக்கு எது பக்கம், எது நேர்கோடு என்று உங்களுக்குத் தெரிகிறது. கணிப்பொறிக்குத் தெரியாது. திரையில் கட்டத்தை அழகாக வரைந்து காட்டினாலும் அது நமக்காக வரைந்த கோலமே தவிர, அதற்கு ஒன்றும் விளங்குவதில்லை. அதற்கு விளங்குவது எண்கள் மட்டுமே. ஆகவே கட்டம் முழுவதையும் எண்களாக மாற்றியாக வேண்டும்.

நான் முதலில் முட்டாள்தனமாக ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அண்டைப் புள்ளிகள் எவை, எங்கிருந்து எங்கே குதிக்கலாம் என்று கையாலேயே பட்டியல் எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. ஏழு பிழைகளும் வந்தன. ஒரு புலி கோடே இல்லாத இடத்தில் பறந்து போய் ஆட்டை வெட்டியது.

சரியான வழி மிக எளியது. புள்ளிகளுக்கு எண் கொடுங்கள். உச்சி 1. முதல் படுக்கைக் கோட்டில் இடமிருந்து வலமாக 2 முதல் 7. அடுத்ததில் 8 முதல் 13. அதற்கடுத்ததில் 14 முதல் 19. அடிக்கோட்டில் 20 முதல் 23. இப்போது புள்ளிகளை விட்டுவிட்டுக் கோடுகளைப் பாருங்கள். மொத்தம் பத்தே கோடுகள்:

1, 3, 9, 15, 20
1, 4, 10, 16, 21
1, 5, 11, 17, 22
1, 6, 12, 18, 23
2, 8, 14
7, 13, 19
2, 3, 4, 5, 6, 7
8, 9, 10, 11, 12, 13
14, 15, 16, 17, 18, 19
20, 21, 22, 23

ஆக 48 எண்கள். ஆட்டக்கட்டம் முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது. எப்படி என்கிறீர்களா? ஒரு கோட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்களை எடுத்தால் அது ஒரு நகர்வு. அடுத்தடுத்து நிற்கும் மூன்று எண்களை எடுத்தால் அது ஒரு குதிப்பு: முதலாவதில் புலி, நடுவில் ஆடு, மூன்றாவது காலி. 3, 9, 15 என்ற மூன்றைப் பாருங்கள். 3-ல் புலியும் 9-ல் ஆடும் இருந்து 15 காலியாக இருந்தால் வெட்டு. பின்னிருந்து படித்தால் 15-ல் இருந்து 3-க்கு வெட்டு.

பேசிக் மொழியில் 'டேட்டா' என்ற கட்டளைச் சொல்லுக்குப் பின் இந்த எண்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஒரு 0 வைத்துவிட்டால் போதும். ஒரு சிறு சுழல் அவற்றைப் படித்து நகர்வு அட்டவணையையும் குதிப்பு அட்டவணையையும் தானே தயாரித்துக்கொள்ளும். நீங்களே எண்ணிச் சரிபாருங்கள்: அடுத்தடுத்த இரட்டைகள் 38, இருதிசையிலும் போகலாம் என்பதால் 76 நகர்வுகள். மூன்றன் தொகுதிகள் 28. இருதிசையிலும் 56 குதிப்புகள். நகர்வுக்கு இரண்டு எண், குதிப்புக்கு மூன்று எண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட்டு ஒதுக்கினால் 152-உம் 168-உம் சேர்ந்து 320 பைட்டு. நம் கணிப்பொறியின் நினைவகத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. காய்கள் நிற்கும் நிலைக்கு இன்னும் 23 பைட்டு: காலி என்றால் 0, ஆடு என்றால் 1, புலி என்றால் 2.

பெரும் செலவு வேறிடத்தில் இருந்தது. திரைக்கும் இதே 32 கிலோபைட்டிலிருந்துதான் இடம் எடுக்கவேண்டும். 320-க்கு 256 புள்ளிகள் கொண்ட நான்கு வண்ணப் படத்துக்கு எவ்வளவு ஆகும்? நான்கு வண்ணம் என்றால் ஒரு புள்ளிக்கு 2 பிட்டு. பெருக்கி 8-ஆல் வகுத்தால் 20,480 பைட்டு, அதாவது 20 கிலோபைட்டு. கணிப்பொறியின் சொந்த உபயோகத்துக்கு மூன்றரை. மிச்சம் எட்டரைதான் நமக்கு. எழுத்துகளை மட்டும் காட்டும் திரைமுறையைத் தேர்ந்தால் 1 கிலோபைட்டு போதும், இருபத்தேழரை மிஞ்சும். மஞ்சள் புலியும் வெள்ளை ஆடும் வேண்டும் என்று ஆசைப்பட்டு இரண்டு சனிக்கிழமைகளை வீணாக்கிய பிறகு, புலிக்கு 'பு' என்றாவது காட்டலாமா என்று பார்த்தேன். தமிழ் எழுத்து அதில் இல்லை. நட்சத்திரக் குறிதான் புலி, சுழிதான் ஆடு என்று முடிவாயிற்று.

இந்த வகையில் நான் தாராளக்காரன் என்றே சொல்லவேண்டும். 1982-ல் டேவிட் ஹார்ன் என்பவர் சின்க்ளேர் நிறுவனத்தின் இசட்எக்ஸ்-81 கணிப்பொறிக்கு ஒரு சதுரங்க நிரல் எழுதினார். அந்தக் கணிப்பொறியின் மொத்த நினைவகமே 1 கிலோபைட்டு. நிரல் 672 பைட்டில் முடிந்தது. கோட்டை கட்டுவது போன்ற சில விதிகளை விட்டுவிட்டார். ஆனாலும் அது உண்மையாகவே எதிராளியோடு ஆடியது.

அட்டவணை சொன்ன இரகசியம்

ஒரு கேள்வி. ஆட்டை எந்தப் புள்ளியில் வைத்தால் புலியால் அதை எப்போதுமே வெட்ட முடியாது?

கட்டத்தைப் பார்த்து யோசித்தால் தலைசுற்றும். அட்டவணையைப் பாருங்கள். வெட்டுப்படும் ஆடு மூன்றன் தொகுதியில் நடுவில் நிற்கவேண்டும். ஆகவே எந்தக் கோட்டிலும் நடுவில் வராமல், தான் வரும் கோடுகளிலெல்லாம் நுனியாகவே வரும் எண் எதுவோ அதுவே பாதுகாப்பான இடம். தேடிப் பாருங்கள்: 1, 2, 7, 14, 19, 20, 23. ஏழே இடங்கள். 8-உம் 13-உம் ஓரத்தில் இருப்பதால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் நிமிர்ந்த கோடுகளில் அவை நடுவில் இருக்கின்றன. 21-உம் 22-உம் அடிக்கோட்டில் அகப்பட்டுக்கொள்ளும்.

இதை நான் கண்டுபிடித்த அன்று பெரிய விஞ்ஞானி போலப் பூரித்துப் போனேன். அன்று மாலை என் அப்பத்தாவோடு ஆட உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காதவர் அவர். புளியங்கொட்டைகளை மடியில் கொட்டிக்கொண்டு முதல் ஆட்டை 20-ல் வைத்தார். அடுத்தது 23. பிறகு 14, 19, 2, 7. "அதென்னங்க அப்பத்தா, மூலையாப் பார்த்து வைக்கறீங்க?" என்று கேட்டேன். "மூலைல வெச்சா நாதியில்லாத ஆடும் பொழைச்சுக்கும் கண்ணு" என்றார். என் 48 எண்கள் சொன்னதில் ஒன்றும் அவருக்குப் புதிதில்லை.

நானே கணிப்பொறி

கட்டம் புரிந்துவிட்டது, இனி ஆடவேண்டும். கணிப்பொறிக்குப் புலிகள், மனிதருக்கு ஆடுகள். என் முதல் நிரலின் அறிவு இவ்வளவுதான்: வெட்டுவதற்கு ஆடு கிடைத்தால் வெட்டு, கிடைக்காவிட்டால் அட்டவணையில் முதலில் கிடைக்கும் நகர்வைச் செய்.

இதைச் சோதிக்க நல்ல எதிராளி அப்பத்தாதான். அவரைப் பள்ளிக்கு அழைத்துப் போக முடியாது. கணிப்பொறியை வீட்டுக்குத் தூக்கி வரவும் முடியாது. ஆகவே நிரலைத் தாளில் எழுதி எடுத்து வந்தேன். அவர் ஆடு இறக்குவார். நான் தாளைப் பார்த்து, வரிவரியாக அது சொல்வதை மட்டும் செய்வேன். நடுவில் நல்ல நகர்வு கண்ணில் பட்டாலும் செய்யக்கூடாது, அதுதான் கஷ்டம். சொந்த மூளையை மூடிவைத்துவிட்டு எழுதியதற்குக் கட்டுப்படுவது பத்தாம் வகுப்புப் பையனுக்கு எளிதல்ல. ஒருமுறை ஏமாற்றவும் செய்தேன். ஏமாற்றினால் சோதனைக்குப் பொருளில்லை என்று மறுபடியும் தொடங்கினேன்.

இந்த வேலையை எனக்கு முன்பே ஒரு பெரியவர் செய்திருக்கிறார் என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஆலன் டூரிங், டேவிட் சாம்பர்னோன் என்ற நண்பருடன் சேர்ந்து 1948-ல் ஒரு சதுரங்க நிரலை வகுத்தார். அதை ஓட்டத்தக்க கணிப்பொறி அன்று கைவசம் இல்லை. 1952-ல் டூரிங் தாமே காகிதத்தில் கணக்குப் போட்டு, நிரல் சொன்னபடி காய் நகர்த்தினார். ஒரு நகர்வுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் பிடித்தது. எதிரே ஆடியவர் அலிக் கிளென்னி. 29 நகர்வுகளில் நிரல் தோற்றது.

என் நிரல் அதைவிட விரைவாகத் தோற்றது. எப்படி என்று பாருங்கள். உங்கள் படத்தில் காய்களை வைத்துக்கொள்ளுங்கள். ஆடுகளுக்குச் சட்டைப் பட்டன்கள் நன்றாக இருக்கும். புலிகள் 1, 6, 9. ஆடுகள் எட்டு இறங்கியிருக்கின்றன: 2, 7, 14, 15, 19, 21, 22, 23. இப்போது புலியின் முறை.

9-ல் உள்ள புலி 15-ல் உள்ள ஆட்டைத் தாண்டி 20-க்குக் குதிக்கலாம். என் நிரல் யோசிக்காமல் குதித்தது. அப்பத்தா வெட்டுப்பட்ட புளியங்கொட்டையைப் பார்த்து வருந்தவே இல்லை. அடுத்த ஆட்டை 9-ல் வைத்தார். நிரலுக்கு வெட்ட ஆடு எதுவும் கிடைக்கவில்லை. அட்டவணையில் முதல் நகர்வாக உச்சிப் புலியை 1-ல் இருந்து 3-க்கு நகர்த்தியது. அப்பத்தா 15-ல் ஓர் ஆடு வைத்தார். அவ்வளவுதான். 20-ல் இருக்கும் புலிக்கு இரண்டே அண்டைகள்: 15, 21. இரண்டிலும் ஆடு. தாண்டலாம் என்றால் 9-லும் 22-லும் ஆடு. உச்சிப் புலியோ இதைப் பற்றிக் கவலையின்றி 3-க்கும் 1-க்குமாக நடைபோட்டுக் கொண்டிருந்தது.

"ஏங்கண்ணு, உன்ற புலிக்குப் பசியெடுத்தாக் கண்ணு தெரியாதா?" என்று அப்பத்தா சிரித்தார்.

நோயைச் சரியாகச் சொல்லிவிட்டார். ஆட்டின் விலை மட்டும் அதற்குத் தெரிகிறது. போய்ச் சேரும் இடத்தின் விலை தெரியவில்லை. ஒரு மூலையில் புலியை அடைக்க எத்தனை காய்கள் வேண்டும்? 20-ல் நான்கு. 10-ல் நிற்கும் புலிக்கோ அண்டை நான்கு, அவற்றுக்கு அப்பால் நான்கு, ஆக எட்டு. ஆட்டுக்குப் பாதுகாப்பான மூலையே புலிக்குப் பொறி.

எடைபோடும் விதி

ஆகவே ஒவ்வொரு நகர்வுக்கும் மதிப்பெண் போடும் விதி ஒன்று சேர்த்தேன். ஆட்டை வெட்டினால் 5 கூட்டு. போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து அந்தப் புலிக்கு எத்தனை வழிகள் உண்டோ அத்தனை கூட்டு. ஒரே வழிதான் மிஞ்சுகிறது என்றால் 6 கழி. வழியே இல்லை என்றால் 12 கழி. அதிக மதிப்பெண் பெறும் நகர்வைச் செய். சமமாக வந்தால் முதலில் கிடைத்ததைச் செய்.

அதே நிலையில் போட்டுப் பாருங்கள். 15-ஐ வெட்டி 20-க்குப் போனால்: வெட்டுக்கு 5, அங்கிருந்து காலியான வழி 15 ஒன்றுதான், அதற்கு 1, ஒரே வழி என்பதால் 6 கழிய, மொத்தம் 0. வெட்டாமல் 9-ல் இருந்து 10-க்கு நகர்ந்தால் 4, 9, 11, 16 என நான்கு வழிகள், மதிப்பெண் 4. வேறு இரண்டு நகர்வுகளும் இதே 4 பெறுகின்றன. அவை எவை என்று நீங்களே கண்டுபிடியுங்கள். எப்படியானாலும் புலி இப்போது அந்த ஆட்டைத் தொடாது.

5, 6, 12 என்ற எண்களை எங்கிருந்து பெற்றேன் என்று கேட்பீர்கள். ஆடி ஆடித் தோற்று மாற்றியவைதான். கடையில் தராசுக்குப் படிக்கல் இருப்பது போல இவற்றுக்கு முத்திரையிட்ட அளவு கிடையாது. 1950-ல் கிளாட் ஷானன் சதுரங்க நிரல் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும் இதே முறைதான்: காய்களுக்கு மதிப்பு, நகரும் வாய்ப்புக்குச் சிறு மதிப்பு, இரண்டையும் கூட்டி நிலையை எடைபோடுவது.

இரண்டாவது வாரம் அப்பத்தாவுக்குச் சற்று நேரம் பிடித்தது. மூன்றாவது வாரம் என் விதியின் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். நகரும் புலியின் வழிகளைத்தானே அது எண்ணுகிறது? நகராமல் சும்மா நிற்கும் புலியைச் சுற்றி நிதானமாக ஆடுகளை இறக்கினார். நிரலுக்கு அது தெரியவே இல்லை. மூன்று புலிகளின் வழிகளையும் எண்ணவேண்டும். அதோடு, நான் நகர்ந்த பின் எதிராளி என்ன செய்வார் என்பதையும் பார்க்கவேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு ஷிப்டு வேலை

முன்யோசனை என்பதைக் கணிப்பொறி எப்படிச் செய்கிறது? என் நகர்வுகளில் ஒன்றைச் செய்து பார்; அதற்கு எதிராளி செய்யக்கூடியவை அனைத்தையும் செய்து பார்; அவருக்கு மிக நல்லது எதுவோ, அதாவது எனக்கு மிகக் கெட்டது எதுவோ, அதையே அவர் செய்வார் என்று வைத்துக்கொள். அப்படி ஒவ்வொரு நகர்வுக்கும் கிடைக்கும் மிகக் கெட்ட விளைவுகளை ஒப்பிட்டு, அவற்றுள் நல்லதைத் தேர்ந்தெடு. எதிராளி முட்டாள் என்று நம்பி ஆடாதே என்பதைக் கணக்காக எழுதினால் இப்படித்தான் வரும்.

செலவைப் பார்ப்போம். மூன்று புலிகள், ஒவ்வொன்றுக்கும் மிஞ்சினால் நான்கு நகர்வு: 12. ஆடு இறக்க மிஞ்சினால் 20 இடம். ஒரு புலி நகர்வும் ஓர் ஆட்டு இறக்கமும் சேர்ந்தால் 12 x 20 = 240 நிலைகள். பேசிக்கில் எழுதிய என் நிரல் ஒரு நிலையை எடைபோட ஏறத்தாழ அரை நொடி எடுத்தது. ஆகவே இரண்டு நிமிடம். பொறுக்கலாம். இன்னும் ஒரு சுற்று ஆழமாகப் பார்க்கலாம் என்றால் 240 x 240 = 57,600 நிலைகள். அரை நொடி வீதம் 28,800 நொடி. வகுத்துப் பாருங்கள், சரியாக 8 மணி நேரம். பனியன் கம்பெனிக் கணக்கில் முழுசாக ஒரு ஷிப்டு, ஒரே ஒரு நகர்வுக்கு!

இதைக் குறைக்க ஒரு தந்திரம் உண்டு. முதல் நகர்வை ஆராய்ந்து, அது எப்படியும் 4 மதிப்பெண் தரும் என்று தெரிந்துகொண்டோம். இரண்டாவது நகர்வை ஆராயும்போது எதிராளியின் மூன்றாவது பதிலிலேயே அது 0-க்கு விழுகிறது. மீதமுள்ள 17 பதில்களைப் பார்க்கவேண்டுமா? வேண்டாம். எவ்வளவு மோசம் என்று தெரிந்து என்ன பயன்? அதை அங்கேயே விட்டுவிடலாம். இதற்கு 'ஆல்பா-பீட்டா வெட்டு' என்று பெயர். விடை கொஞ்சமும் மாறாது. உழைப்பு மட்டும் குறையும். நல்ல நகர்வுகளை முதலில் ஆராயும்படி வரிசை மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டால், 57,600-க்குப் பதிலாக (12 x 12) + (20 x 20) – 1 = 543 நிலைகளைப் பார்த்தால் போதும். எட்டு மணி நேரம் நாலரை நிமிடமாகச் சுருங்குகிறது. நடைமுறையில் அத்தனை சிறப்பாக வரிசை அமையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அமைந்த அளவுக்கு ஒரு நகர்வுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. சனிக்கிழமையின் இரண்டு மணி நேரத்தில் அரை ஆட்டம்கூட முடியவில்லை. அந்த நிலையில்தான் பத்தாம் வகுப்பும் முடிந்தது.

யோசிக்கவே வேண்டாம், எல்லா நிலைக்கும் விடையை முன்கூட்டியே கணித்து வைத்துவிடலாமே என்று ஒரு மாணவி சென்ற ஆண்டு என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. 23 புள்ளிகளில் 3 புலிகளை 1,771 விதமாக நிறுத்தலாம். மீதமுள்ள 20 புள்ளிகளில் 15 ஆடுகளை 15,504 விதமாக நிறுத்தலாம். பெருக்கினால் 2,74,57,584 நிலைகள். ஒன்றுக்கு ஒரு பைட்டு என்றால் அவற்றை வைக்க 838 பிபிசி கணிப்பொறிகளின் நினைவகம் வேண்டும். அதுவும் எல்லா ஆடும் இறங்கிய பின் ஒன்றும் வெட்டுப்படாத நிலைகளுக்கு மட்டும். ஆடுகள் எத்தனை இருந்தாலும் சேர்த்துக் கணக்கிட்டால் கட்டத்தின் தோற்றங்கள் ஏறத்தாழ 185 கோடி. அன்று நினைத்தும் பார்க்க முடியாத எண். இன்று ஒரு கைப்பேசியின் சேமிப்பகத்தில் அடங்கிவிடும்.

நம் ஆட்டத்தின் நெருங்கிய உறவினர் ஒன்று நேபாளத்தில் இருக்கிறது. பாக்-சால் என்று பெயர். அங்கே 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இருவர் அதைக் கணிப்பொறியால் முழுவதுமாக ஆராய்ந்து, இருபுறமும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமனில்தான் முடியும் என்று நிறுவினார்கள். அந்தக் கட்டத்தில் ஆட்டுக்கு முழுப் பாதுகாப்பான புள்ளிகள் நான்கு மூலைகள் மட்டுமே. நமக்கு ஏழு. இந்த வேறுபாடு ஆட்டின் பக்கம் எவ்வளவு சாய்கிறது, மூன்றே புலிகள் என்பது அதோடு எப்படிச் சேர்கிறது என்பதெல்லாம் ஆராயத்தக்கவை.

பிபிசி மைக்ரோவைத் தேடி நீங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டியதில்லை. அதைப் போலவே நடந்துகொள்ளும் பாவனை மென்பொருள்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. இணைய உலாவியிலேயே ஓடுபவையும் உண்டு. திறந்தால் அதே கறுப்புத் திரை, அதே ஒரு 'பீப்' ஒலி. இன்னொரு விந்தையும் கேளுங்கள். பிபிசி மைக்ரோவின் பேசிக் மொழியை எழுதிய சோஃபி வில்சனும், அதன் வன்பொருளில் பணியாற்றிய ஸ்டீவ் ஃபர்பரும் அதே நிறுவனத்தில் அடுத்து வடிவமைத்ததுதான் ஏஆர்எம் என்னும் செயலி. அதன் முதல் சில்லு 1985-ல் இயங்கியது. இன்று உங்கள் வீட்டுக் கைப்பேசிக்குள் இருப்பது அநேகமாக அதன் வழித்தோன்றலே.

சென்ற கோடை விடுமுறையில் அப்படி ஒரு மென்பொருளில் என் பழைய நிரலை நினைவிலிருந்து மறுபடி எழுதினேன். முழு வேகத்தில் ஓடவிட்டால் பத்து நிமிட நகர்வு கண்ணிமைக்கும் நேரத்தில் வருகிறது. ஆடுகளை நான் அப்பத்தாவின் வரிசையில் இறக்கினேன்: 20, 23, 14, 19, 2, 7. பிறகு அந்த 15-ஆம் புள்ளி ஆட்டையும் 21, 22-ஐயும் வைத்துப் பொறி விரித்தேன். புலி வரவில்லை.

நான் எழுதியது புலிகளுக்கு மட்டுமே. ஆடுகளின் பக்கம் இன்னும் எழுதவில்லை. அது கடினமானது, ஏனெனில் ஆட்டுக்கு வெட்டு என்ற உடனடி வருமானம் கிடையாது, பதினைந்து காய்களும் சேர்ந்து மெல்ல ஒரு சுவர் எழுப்பவேண்டும். எதற்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்? ஏழு மூலைகளில் ஒன்றில் இருந்தால் 1 என்று தொடங்கிப் பாருங்கள். முதலில் காகிதத்தில், வீட்டுப் பெரியவர் ஒருவரைப் புலியாக வைத்துக்கொண்டு.